பக்கத்து சீட்டின் பிரேக்

அந்த மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கி நாலு மாதம் ஆகியிருந்தது. வட்டத்துக்குள் மூன்று ஆங்கில எழுத்து, வெளியே இரண்டு பக்கமும் காது வைத்தாற்போல் இரண்டு வளைவு. சாவியைத் திருப்பியதும் ஒரு கணம் எரிந்து அணைய வேண்டியது அதன் வேலை. அதை ஒழுங்காகத்தான் செய்தது. ஆனால் பாடம் தொடங்கிக் கால் மணி நேரம் ஆனதும், அழையாத விருந்தாளி வந்து கூடத்தில் உட்கார்வதுபோல மறுபடி எரியும். எஞ்சினை அணைக்கும்வரை போகாது.

“டீச்சர், ஏதோ எரியுதே?” என்பார்கள் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்கள்.

“நம்ம வயிறா எரியுது? விளக்குதானே. நீங்க ரோட்டைப் பாருங்க.”

வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவளை ஊரே டீச்சர் என்றுதான் கூப்பிட்டது. பதினோரு வருடமாக ஒரே வண்டி, ஒரே அறை. அறையில் சாலைக் குறியீடுகள் அச்சடித்த ஒரு படம், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, டெஸ்டில் தேறியவர்கள் சிரித்தபடி நிற்கும் புகைப்படங்கள். வண்டிக்குப் பதினேழு வயது. அதற்கே லைசென்ஸ் எடுக்கும் வயது நெருங்கிவிட்டது என்று டீச்சரின் கணவர் கேலி செய்வார்.

மற்ற வண்டிகளில் இல்லாத ஒன்று அதில் இருந்தது. பக்கத்து சீட்டின் முன்னால், டீச்சரின் காலுக்கென்று இன்னொரு பிரேக். ஓர் இரும்புத் தண்டு அதை ஓட்டுபவரின் பிரேக்கோடு இணைத்திருந்தது. இதை மிதித்தால் அதுவும் கூடவே இறங்கும். பதினோரு வருடத்தில் இரண்டாவது வருடத்தைத் தவிர ஒரு கீறல்கூட விழாமல் போனதற்கு அந்தப் பெடல்தான் காரணம் என்பாள் டீச்சர். இரண்டாவது வருடத்தைப் பற்றி அதிகம் பேசமாட்டாள். யாரோ ஒருவர் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்து, சைக்கிளில் போன ஒரு கிழவரை விரற்கடை இடைவெளியில் இடிக்காமல் தப்பவிட்டுச் சுவரில் போய் மோதினார். அன்று டீச்சரின் கால் அரை நொடி தாமதமாகத்தான் பெடலுக்குப் போய்ச் சேர்ந்தது. அவ்வளவுதான் கதை. கிழவர் இறங்கிச் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அந்த அரை நொடி மட்டும் டீச்சரை விட்டுப் போகவில்லை.

விளக்கைப் பார்க்க வந்தவர் மின்னல். வண்டிகளின் மின்வேலை பார்ப்பவர். அவருக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் குறும்புக்காரர்கள். ஒரு ஸ்குருவைக் கழற்றுவதற்கு முன் அதோடு பேசிப் பழகி, குடும்ப நிலவரம் விசாரித்துவிட்டுத்தான் கழற்றுவார் என்று தோன்றும்.

“பிரேக் போடுறப்ப சக்கரம் பூட்டிக்கிட்டு வழுக்காம இருக்கறதுக்குத்தான் இந்த ஏபிஎஸ். சக்கரத்துக்குச் சக்கரம் ஒரு சென்சார். அதுல ஏதாவது அழுக்குப் படிஞ்சிருக்கும், டீச்சர்,” என்றார் முதல் தடவை. நாலு சக்கரத்தையும் கழற்றித் துடைத்தார். மூன்றாம் நாள் விளக்கு எரிந்தது.

இரண்டாம் தடவை முன்சக்கர சென்சார் ஒன்றை மாற்றினார். எரிந்தது. மூன்றாம் தடவை பேட்டரி முனைகளைச் சுரண்டி, ஃபியூஸ் மாற்றினார். எரிந்தது. நாலாம் தடவை எங்கிருந்தோ கையகலத்தில் ஒரு ஸ்கேனரை இரவல் வாங்கிவந்து ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகினார். அது காட்டியதைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“என்ன சொல்லுது?”

“பிரேக் ஸ்விட்ச் பொய் சொல்லுதாம். பிரேக்கை மிதிச்சபடியே வண்டி கால் மணி நேரமா ஓடுதுன்னு ஸ்விட்ச் சொல்லுதாம். அப்படி யாரும் ஓட்ட மாட்டாங்க, அதனால ஸ்விட்ச் கெட்டுப்போச்சுன்னு கம்ப்யூட்டர் நினைக்குது.”

இருவரும் சிரித்தார்கள். மின்னல் ஸ்விட்சை மாற்றினார். அப்படியே பின்னால் போய், பிரேக் விளக்கின் பல்பையும் மாற்றினார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அது கருகிப்போவது வழக்கம்.

“மத்த வண்டிங்களுக்குப் பெட்ரோல். உங்க வண்டிக்கு பெட்ரோல், பல்பு, பிரேக் கட்டை மூணும் வேணும். நல்ல தீனிக்காரன்.”

மின்னல் தனியாக ஓட்டிப் பார்த்தார். எரியவில்லை. டீச்சர் ஓட்ட, மின்னல் பக்கத்து சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஊரைச் சுற்றிவந்தார்கள். எரியவில்லை. மறுநாள் ஒரு பாங்க் குமாஸ்தாவுக்குப் பாடம். எரிந்தது.

“அப்ப வண்டியில கோளாறு இல்ல, டீச்சர். ஓட்டறவங்க கிட்டதான். ரெண்டு காலையும் ரெண்டு பெடல்ல வச்சுக்கறாங்களோ?”

“வைப்பாங்க, வைப்பாங்க. எனக்கு வந்து வாய்க்கறதெல்லாம் அப்படித்தான். என் தங்கச்சியே…” என்று தொடங்கிய டீச்சர், மேசையில் கிடந்த ரசீதுப் புத்தகத்தை நேராக வைத்தாள்.

அவள் தங்கையைச் சின்னு என்று கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். பத்து வருடமாக இரவு வார்டு. சாயங்காலம் அவள் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது இவள் கிளம்புவாள். காலையில் இவள் வரும்போது மகள் கிளம்புவாள். போன வருடம் ஆஸ்பத்திரியில் ஒரு புது வேலை வந்தது. நடக்க முடியாத நோயாளிகளின் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் நர்ஸ். பகல் வேலை. ஆஸ்பத்திரியே கார் கொடுக்கும். சின்னுவைத் தேர்ந்தெடுத்தும்விட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை, ஆறு மாதத்துக்குள் லைசென்ஸ் எடுத்திருக்க வேண்டும்.

“அதுக்கென்ன, வீட்டுலயே டீச்சர் இருக்கறப்ப!” என்று எல்லோரும் சொன்னார்கள்.

சின்னு இரவு முழுக்கக் கண்விழித்துவிட்டு, காலையில் தூங்காமல் பாடத்துக்கு வந்தாள். முதல் வாரத்திலேயே சொன்னாள்: “வண்டி ரொம்பக் கனமா இருக்குக்கா. யாரோ பின்னால புடிச்சு இழுக்கற மாதிரி.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நல்லா மிதிடி. மெத்தையிலயா கால வைக்கற?”

சின்னு நன்றாக மிதித்தாள். மிதித்து மிதித்து ஒரு வழியாக வண்டி அவள் சொன்னபடி கேட்டது. டெஸ்டுக்குப் போனாள். டெஸ்டில் பக்கத்து சீட்டில் அதிகாரிதான் உட்காருவார்; டீச்சர் வேலிக்கு வெளியே நிற்க வேண்டும். சின்னு கிளப்பிய உடனே வண்டி கோட்டைத் தாண்டிப் பாய்ந்தது. இரண்டாம் தடவை பாய்ந்து, நட்டு வைத்திருந்த இரண்டு கம்பங்களையும் படுக்க வைத்தது. அதிகாரி இறங்கிவந்து, “டீச்சர், உங்க தங்கச்சி ரேஸ் பழகறாங்களா?” என்று கேட்டார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற பத்துப் பேரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு டீச்சரைச் சுட்டது. அவளிடம் கற்றவர்கள் முதல் டெஸ்டில் பெரும்பாலும் இப்படிப் பாய்ந்துதான் தோற்பார்கள். பயம், பதற்றம் என்று சொல்லிச் சமாளித்துவிடலாம். சொந்தத் தங்கையையே தேறவைக்க முடியவில்லை என்றால் யார் வருவார்கள்? அந்தப் பத்துப் பேருக்கும் கேட்கும்படிச் சொன்னாள்:

“உனக்குக் கால் வராது சின்னு. சிலருக்குப் பாட்டு வராது, சிலருக்குக் கணக்கு வராது. விட்டுடு. நோயாளி வீட்டுக்குப் போறேன்னு கிளம்பி, நீ நாலு பேரை நோயாளி ஆக்கிடாதே.”

சின்னு காலணியைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள். ஆறாவது மாதம் முடிந்தபோது அந்த வேலை வேறொருத்திக்குப் போயிற்று. அதன்பின் அக்காவும் தங்கையும் பேசாமலெல்லாம் இல்லை. உடம்பு, பிள்ளைகள் படிப்பு, விலைவாசி என எல்லாம் பேசினார்கள். வண்டியைப் பற்றி மட்டும் பேசவில்லை. வாசலில் அக்காவின் கார் நின்றாலும் சின்னு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தே போனாள். அவளுக்குச் சரியானதைத்தான் சொன்னோம் என்று டீச்சர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். எப்படியாவது அது சரியாக இருந்தாக வேண்டும் என்பதுபோல அடிக்கடி சொல்லிக்கொள்வாள்.

மாதக் கடைசியில் வண்டிக்கு வருடாந்தரச் சோதனை. விளக்கு எரிந்தால் தேறாது. அதனால் மின்னல் ஒரு முடிவுக்கு வந்தார்.

“இனிமே தனியா ஓட்டிப் பார்த்துப் புண்ணியம் இல்ல. பாடம் நடக்கறப்பவே நான் பின் சீட்டுல உக்காந்துக்கறேன். ஸ்கேனர் கையில இருக்கட்டும். பொய் சொல்றது ஸ்விட்சா மனுஷனான்னு பார்த்துடலாம்.”

அன்று பாடத்துக்கு வந்தவர் ஒரு தையல்காரர். ஐம்பது வயது. தன் காலைப் பற்றி அவருக்குப் பெரிய மதிப்பு உண்டு.

“முப்பது வருஷமா மெஷின் மிதிக்கற காலு டீச்சர் இது. துணி ஒரு மடிப்பா ரெண்டு மடிப்பான்னு ஊசியைப் பார்க்காமலே சொல்லிடும். இந்த வண்டி இழுக்க மாட்டேங்குது. எங்கயோ பிடிக்குது.”

“மெஷின்ல மிதிச்சா ஊசிதான் ஓடும். இங்க மிதிச்சா ஊரே ஓடும். பேசாம கியரை மாத்துங்க.”

பின் சீட்டிலிருந்து ஸ்கேனரின் ஒயர் இரண்டு சீட்டுக்கும் நடுவே முன்னால் போயிற்று. மின்னல் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். கடைத்தெருவைத் தாண்டி, மரங்கள் நின்ற அகலச் சாலைக்கு வண்டி வந்தது. ஸ்கேனரின் சின்னத் திரையில் ‘பிரேக்’ என்ற வரிக்கு எதிரே ‘ஆன்’ என்று நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

மின்னல் முன்னால் சாய்ந்து தையல்காரரின் கால்களைப் பார்த்தார். ஒன்று ஆக்சிலேட்டரில். மற்றது தரையில், சமர்த்தாக. பிரேக் பெடலில் ஒருவருமில்லை. ஆனால் அது மேலே நிற்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு விரல் அகலம் இறங்கியே நின்றது.

அவர் மெதுவாகத் தலையைத் திருப்பினார். மின்னல் வாழ்க்கையில் எதையும் அவசரமாகச் செய்ததில்லை. இதை இன்னும் மெதுவாகச் செய்திருக்கலாமே என்று அப்போது அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

“டீச்சர்.”

“என்ன, புடிச்சாச்சா?”

“ஒண்ணுமில்ல. கொஞ்சம் காலைத் தூக்கி சீட்டு மேல வச்சுக்கங்களேன்.”

“எதுக்கு?”

“சும்மா. சம்மணம் போட்டுக்கங்க. நான் அன்னிக்கு உக்காந்த மாதிரி.”

டீச்சர் காலைத் தூக்கினாள்.

வண்டி பாய்ந்தது. கயிறறுத்த கன்றுக்குட்டி மாதிரி ஒரே எம்பு. தையல்காரர் “ஐயோ!” என்று அலறிக்கொண்டு முப்பது வருடக் காலை ஆக்சிலேட்டரிலிருந்து பிடுங்கி பிரேக்கில் ஊன்றினார். வண்டி குலுங்கி நின்றது. ஒரு மரத்திலிருந்து காக்கைகள் கிளம்பின.

“நான் ஒண்ணுமே பண்ணல டீச்சர்! எப்பவும் மிதிக்கற மாதிரிதான் மிதிச்சேன்!”

டீச்சர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது செருப்பின் முன்பகுதியில், பெருவிரலுக்குக் கீழே, ஒரு வழவழப்பான தேய்மானம். ரப்பர் பெடலின் கோடுகள்கூட அதில் பதிந்திருந்தன. இதற்கு முன்னிருந்த செருப்பும் அங்கேதான் தேய்ந்தது. அதற்கு முன்னிருந்ததும். செருப்புக் கடைக்காரர் மட்டமான சரக்கைத் தள்ளிவிடுகிறார் என்று அவரோடு சண்டை போட்டிருக்கிறாள்.

“ஸ்விட்ச் பொய் சொல்லல,” என்றார் மின்னல், சாலையைப் பார்த்தபடி. “காலை லேசாத்தான் வச்சிருக்கீங்க. முன்னெல்லாம் நடுநடுவுல எடுத்திருப்பீங்க, நாலு மாசமா எடுக்கறதே இல்ல போல. உங்களுக்கே தெரியாது. ஆனா ஸ்விட்சுக்குத் தெரியும். பல்பு ஏன் போகுதுன்னு நானாவது யோசிச்சிருக்கணும்.”

தையல்காரருக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. அவர் நல்ல மனிதர். சிரிக்கலாமா என்று யோசித்து, டீச்சரின் முகத்தைப் பார்த்து, வேண்டாமென்று விட்டுவிட்டார். “காலு சொன்னது சரிதான்,” என்று மட்டும் தன் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார்.

டீச்சர் மிச்சப் பாடத்தைக் கால்களைச் சம்மணமிட்டு, கைகளால் முழங்கால்களை அழுத்திப் பிடித்துக்கொண்டு நடத்தினாள். விளக்கு எரியவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் கால் தானாகக் கீழே இறங்கப் பார்த்தது. தூக்கத்தில் நடப்பவரைத் தோளில் பிடித்துத் திருப்பிப் படுக்க வைப்பதுபோல் அவள் அதைத் திருப்பித் திருப்பி மடக்கினாள்.

அன்று மத்தியானம் அவள் அறையில் தனியாக உட்கார்ந்து புகைப்படங்களைப் பார்த்தாள். சுவரில் தேறியவர்கள்தான் இருந்தார்கள். ‘உங்களுக்கு வராது’ என்று அனுப்பிவைத்தவர்களுக்குப் படம் கிடையாது. ஒரு பழக்கடைக்காரி ஞாபகம் வந்தாள். கைநடுங்கும் ஒரு பையன். மனைவி இறந்தபின் கற்றுக்கொள்ள வந்த ஒரு தபால்காரர். அவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் டெஸ்டில் பாய்ந்தார்கள். பிரேக்கை எதிர்த்து மிதித்துப் பழகிய கால், பிரேக் இல்லாத இடத்தில் வேறென்ன செய்யும்? கூடம் கோணலாகத்தான் இருந்திருக்கிறது. அதைக் கோணலாக்கிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் அவள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்திக் காத்திருந்தாள். இரவு வார்டு முடிந்து சின்னு வெளியே வந்தாள். அக்காவைப் பார்த்ததும் அவள் நடை வேகமாயிற்று.

“என்னக்கா? யாருக்கு என்ன?”

“யாருக்கும் ஒண்ணுமில்ல. ஏறு. வீட்டுல விடறேன்.”

“பஸ் இருக்கே.”

“ஏறுடி.”

சின்னு ஏறிப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணுக்குக் கீழே கருவளையம், மருந்து வாசனை. டீச்சர் வண்டியை முதல் சிக்னல்வரை ஓட்டினாள். சிவப்பு விளக்கில் நின்றதும் எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்கேனர், மின்னல், தையல்காரர், செருப்பு. சைக்கிள் கிழவரையும் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் அது நியாயம் தேடுவதுபோல் தன் காதிலேயே விழுந்ததால் நிறுத்திக்கொண்டாள்.

விளக்கு பச்சையாயிற்று. பின்னாலிருந்தவர் ஹாரன் அடித்தார்.

“ஓட்டுக்கா,” என்றாள் சின்னு. குனிந்து காலடியில் பார்த்தாள். “இதுவா அது?”

“அதுதான்.”

சின்னு தன் வெள்ளைக் காலணியை அந்தப் பெடலின்மேல் வைத்தாள். மிதிக்கவில்லை, வைத்தாள். தூங்கும் குழந்தையின்மேல் கை வைப்பதுபோல.

டீச்சருக்கு வண்டி கனத்தது. இடுப்பளவு தண்ணீரில் நடப்பதுபோல் இருந்தது. ஆக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் மிதித்தாள். வண்டி மனமில்லாமல் நகர்ந்தது. இன்னும் கொஞ்சம். இருபத்தைந்து வருடமாக ஓட்டும் அவளுக்கே, தான் ஏதோ தப்பாகச் செய்கிறோம் என்று தோன்றியது. கால் போதாது, பலம் போதாது என்று தோன்றியது. பின்னாலிருந்தவர் மறுபடி ஹாரன் அடித்தபோது அவமானமாகக்கூட இருந்தது.

“இப்படித்தான் இருந்துச்சு,” என்றாள் சின்னு. “ஒவ்வொரு நாளும்.” காலை எடுத்துவிட்டாள்.

காலணி நகர்வதை ஓரக்கண்ணால் பார்த்திருந்ததால் டீச்சர் ஆக்சிலேட்டரைத் தளர்த்திச் சமாளித்துக்கொண்டாள். டெஸ்டில் சின்னுவுக்கு அப்படி முன்கூட்டிக் காட்டிக்கொடுக்க, பக்கத்துப் பெடலில் எந்தக் காலும் இருக்கவில்லை.

வீட்டுத் தெருவில் காரை ஓரம் கட்டியதும் டீச்சர் சொன்னாள்: “மறுபடி வா சின்னு. நான் பின் சீட்டுல உக்காந்துக்கறேன். அந்தப் பெடலையே கழட்டச் சொல்றேன். நீ நல்லா ஓட்டுவே. உனக்குக் கால் வரும்.”

சின்னு சிரித்தாள். கோபச் சிரிப்பு இல்லை. களைத்த சிரிப்பு.

“வராதுன்னு நீ சொன்னே, நம்பினேன். இப்ப வரும்னு நீயே சொல்றே. ரெண்டையும் நீதான் சொல்றேக்கா. என் காலைப் பத்தி எனக்கு எப்பத் தெரியறது?”

“என்னைத் திட்டேன்டி நாலு வார்த்தை.”

“திட்டற அளவுக்குத் தெம்பு இல்ல. விடிய விடிய ஒரு கிழவி தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே இருந்தா.” கதவைத் திறந்தவள், இறங்காமல் ஒரு கணம் இருந்தாள். “அந்த வேலைக்குப் போனவ நல்ல பொண்ணு. என்னைவிடச் சின்னவ. ரெண்டு நாளைக்கு ஒருதடவை வார்டுக்கு மருந்து எடுக்க வருவா. கார் சாவியை விரல்ல சுத்திக்கிட்டே வருவா. அவ மேல ஒண்ணும் இல்ல. ஆனா அந்தச் சாவி சுத்தறதைப் பார்த்தா, எனக்குக் கால்தான் கூசும்.”

வீட்டுக் கதவு திறந்தது. சின்னுவின் மகள் பள்ளிச் சீருடையில், முதுகில் பையோடு வெளியே வந்தாள். பத்து வயது. தாயைப் பார்த்து நின்றாள். நின்றபடியே சொல்லவேண்டிய செய்திகளை ஒப்பித்தாள்.

“அம்மா, பாட்டி சாப்பாடு மூடி வச்சிருக்காங்க. பால்காரர் நாளைக்கு வரமாட்டாராம். கணக்கு நோட்டுல கையெழுத்து வேணும், மேசை மேல இருக்கு. சாயங்காலம் நான் வர்றதுக்குள்ள போட்டுடு. பெரியம்மா, என்ன காலையிலயே?”

“சும்மாதான் கண்ணு. அம்மாவை விட வந்தேன். நீயும் ஏறு, பள்ளிக்கூடத்துல விடறேன்.”

“ஐயோ, பஸ் வந்துடும். ஃப்ரெண்ட் இடம் புடிச்சு வச்சிருப்பா.”

சின்னு இறங்கி மகளின் சட்டைக் காலரை மடித்துவிட்டாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள். இன்னும் ஏதாவது செய்ய இருக்கிறதா என்று தேடுவதுபோல் பையின் வாரை இழுத்துப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தெருமுனையில் பஸ் வந்தது. மகள் ஓடினாள். இவ்வளவும் நடந்து முடிய, டீச்சர் கணக்குப் பார்த்தவரை, ஒரு பாடத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்தக் கற்றுக்கொடுக்கும் நேரம்கூட ஆகவில்லை.

“நீ போக்கா. நான் தூங்கணும்,” என்றாள் சின்னு.

“சாயங்காலம் வரட்டுமா?”

சின்னு வேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் தெருப்பக்கத்து ஜன்னலில் அவள் கை தெரிந்தது. நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்த அந்தக் காலையில், தடித்த திரையை ஓரத்திலிருந்து ஓரம்வரை, ஒரு கீற்றுக்கூட விழாதபடி இழுத்து மூடினாள். டீச்சர் காரைவிட்டு இறங்கித் தெருவில் நின்று, திரையின் ஆட்டம் அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.